கொடிக் கயிற்றில் ஒரு கூடு

இணையக் கடைகளில் ‘ஹம்மிங்பேர்டு ஃபீடர்’ என்று தேடினால், சிவப்பு பிளாஸ்டிக் பூக்கள் ஒட்டிய குப்பிகள் வரிசை கட்டி வருகின்றன. காசு கொடுத்து வாங்கி மரக்காணத்து வீட்டு வாசலில் மாட்டினாலும் அந்தப் பறவை வரப்போவதில்லை. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையில் அது எங்குமே கிடையாது. உப்பளக் கரையோரத்து முருங்கைப் பூவில் மாசி, பங்குனியில் தேன் குடிப்பது நம்மூர் தேன்சிட்டு. பத்து கிராம்கூடத் தேறாது. ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துதான் குடிக்கும்.

அதற்கும் குப்பியில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் என்ன? ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர், சாயம் கூடாது, தேன் கூடவே கூடாது, வெயில் காலத்தில் அடிக்கடி மாற்றிக் குப்பியைக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்காவில் சொல்லப்படும் விதி. சித்திரை வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரமே புளித்துப் பூஞ்சை கட்டும். ஒரே குப்பியில் பல பறவைகள் வாய் வைத்தால் நோயும் தொற்றும். 2021இல் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் பறவைகள் கண் வீங்கிச் செத்தபோது, வீட்டுத் தீவனக் குப்பிகளைக் கழற்றி வைக்கச் சொல்லி அரசுத் துறைகளே கேட்டுக்கொண்டன. தினமும் கழுவ முடியாதவர் மாட்டாமல் இருப்பதே மேல்.

குஞ்சுக்குச் சர்க்கரை போதவும் போதாது. அதற்குத் தாய் கொண்டுவருவது சிலந்தியும் சிறு பூச்சியும். ஆகவே முற்றத்தில் ஒரு செம்பருத்தி, ஓர் இட்லிப்பூச் செடி, கொல்லையில் முருங்கை, வாழை இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் போன்ற பழைய கோயில் காடுகள் மிஞ்சியிருக்கும் கரை இது. தேன்சிட்டுக்குப் பழகிய மரங்கள் புதிதாக எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. மிச்சப் பாதி, மருந்தை நிறுத்துவது. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனிலும் கலக்கும். ‘பூச்சியே வராத செடி’ என்று நர்சரியில் பெருமையாகச் சொன்னால், எதை அடித்தீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

கூடுதான் பெரிய வம்பு. சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்கு, சருகு எல்லாம் சேர்த்துத் தொங்கவிடும் அந்தப் பை, துணி காயப்போடும் கொடியிலோ வாசல் விளக்கின் ஒயரிலோகூட வந்துவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு முட்டை. அடைகாப்பு இரண்டு வாரம். குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். ‘குப்பை’ என்று துடைப்பத்தால் தட்டிவிடுகிறவர்கள் அறிய வேண்டியது: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. மரக்காணம் பக்கத்துக் கழுவேலி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; அதன் 5,151.60 ஹெக்டேருக்குள் மட்டும்தான் சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டு வாசலுக்கும் அதே சட்டம்தான். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அபராதத்தின் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக ஏற்றியது.

யாரும் சிறைக்குப் போக வேண்டாம். ஒரு மாதம் துணியை வேறு கொடியில் போட்டால் போதும். கூட்டை மறைக்கும் கிளையைப் படத்துக்காக வெட்டினால், காக்கைக்கு வழிகாட்டியது போலாகும். வேலியில் கட்டிய பழைய மீன்வலையின் நைலான் இழை இந்தச் சிறு காலுக்குக் கண்ணி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தேன்சிட்டு மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரியாக நினைத்து மணிக்கணக்கில் கொத்தும். கண்ணாடிமேல் ஒரு துணியைப் போட்டுவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும்.

கூடு வைத்த மரத்தை யாராவது வெட்ட வந்தால், படமும் தேதியும் எடுத்து வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லலாம். எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது பின்னால் உதவும். துறை அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு குடிமக்கள் யாரும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இடம் தருகிறது.

காற்றில் கூடு அறுந்து விழுந்தால்? மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை தவறு. அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியில் கூட்டோடு குஞ்சை வைத்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிழலில், பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு விலகி நின்றால், தாய் பெரும்பாலும் திரும்பி வரும். பொழுது சாயும்வரை வராவிட்டால் வாயில் தண்ணீர் ஊற்றாமல், துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டும். அன்பாக வளர்க்கிறோம் என்று கூண்டில் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. கைக்கு வந்த காட்டு உயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறை அதிகாரிக்கோ சொல்லியாக வேண்டும்.