உங்களுக்குத் தெரியுமா? எல்லை தாண்டிய நெல்லைச் சாலை

திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகிறது மாநில நெடுஞ்சாலை 39. இன்று ஒரே மூச்சில் போய்விடலாம். ஆனால் அன்று, தென்காசியைத் தாண்டிய சில கிலோமீட்டரிலேயே திருவிதாங்கூர் சமஸ்தானம் வந்துவிடும்! செங்கோட்டை தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். ஊர் நுழைவாயில் வளைவில் சமஸ்தானத்தின் சங்கு முத்திரையை இப்போதும் பார்க்கலாம். அவசியம் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு கணவாய், அதைக் கடந்தால் கொல்லம். அந்த மலை இடைவெளி வழியாகத்தான் ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று சாரலைச் சுமந்து வருகிறது. பாவூர்சத்திரம் தாண்டியதும் பஸ் ஜன்னலில் கையை வைத்தால் சில்லென்று நனையும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.