ஒன்பதாம் எண் சட்டைக்கு ஆள் தேடும் கேரளம்

எல்லையோர ஆடுகளம் – 6

இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியது. 2024-25 வரை 11 பருவங்கள் நடந்து முடிந்தன. ஒவ்வொரு பருவத்திலும் அதிக கோல் அடித்தவருக்குத் தங்கக் காலணி உண்டு. பிரேசிலின் எலானோவில் தொடங்கி, ஸ்பெயினின் கோரோமினாஸ், நைஜீரியாவின் ஒக்பெச்சே, கிரேக்கத்தின் டயமண்டகோஸ் எனப் போய், 23 கோல் அடித்த மொராக்கோவின் அஜாராய் வரை அந்தப் பட்டியல் நீள்கிறது. அதில் ஓர் இந்தியர்கூட இல்லை.

நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக் கால்பந்து ரசிகருக்குப் போய்வரக்கூடிய பெரிய மைதானங்கள் இரண்டு. ஒன்று கேரளா பிளாஸ்டர்ஸின் கொச்சி கலூர் மைதானம். மற்றது, அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் கோவை நேரு மைதானம். கோவையைத் தாய்மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி அணி, நாட்டின் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் கோப்பையை 2018-19-ல் வென்றது. அந்த அணிக்காக 21 கோல் அடித்து முன்னால் நின்றவர் ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்ஸி. ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் அவரைச் சுற்றி ஓடினார்கள், பந்து கொடுத்தார்கள். கோல் வாசல் மட்டும் மான்ஸியிடம் இருந்தது.

கொச்சியிலும் இதே கதைதான். பிளாஸ்டர்ஸுக்காக ஒரு பருவத்தில் அதிக கோல் அடித்தவர்களை வரிசைப்படுத்தினால் 2014-ல் இயான் ஹியூம், 2015-ல் டாக்னலும் ஜெர்மனும், 2019-20-ல் 15 கோலுடன் ஒக்பெச்சே, 2020-21-ல் ஜோர்டன் மரே, அடுத்த பருவத்தில் வாஸ்கெஸும் பெரெய்ரா டியாஸும், பிறகு இரண்டு பருவம் டயமண்டகோஸ், 2024-25-ல் ஹிமெனெஸ் என்று வரும். நடுவில் 2016-ல் மட்டும் கண்ணூர்க்காரர் சி.கே.வினீத் 5 கோலுடன் தலை காட்டுகிறார்.

கேரளத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. பிளாஸ்டர்ஸின் இளையோர், இரண்டாம் அணிகளிலிருந்து சஹல் அப்துல் சமத், விபின் மோகனன், லட்சத்தீவின் முகமது அசர் என்று மிட்ஃபீல்டர்கள் வந்தார்கள். அசரின் இரட்டைச் சகோதரர் அய்மன் விங்கராக வந்தார். சச்சின் சுரேஷ் கோல்கீப்பராக வந்தார். மலப்புறத்து அனஸ் எடத்தொடிகா இந்திய அணியின் தற்காப்பையே தாங்கினார். ஒன்பதாம் எண் சட்டைக்குரிய சென்டர் ஃபார்வர்டு ஒருவர்தான் அந்த வழியில் வரவில்லை.

அந்த இடத்துக்கு ஆள் வளர்ப்பது இயல்பாகவே கடினம். டிஃபெண்டர் ஓர் ஆட்டத்தில் பலமுறை பந்தைத் தொடுவார். ஒன்று தவறினால் அடுத்ததில் சரி செய்துகொள்ளலாம். ஸ்ட்ரைக்கருக்கு 90 நிமிடத்தில் நல்ல வாய்ப்பு இரண்டோ மூன்றோதான் வரும். முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று, பின்னாலிருந்து இடிக்கும் டிஃபெண்டரைத் தாங்கிக்கொண்டே பந்தை நிறுத்த வேண்டும். ஆஃப்சைடு கோட்டை ஒட்டி நின்று, பந்து கிளம்பும் நொடியிலேயே புறப்பட வேண்டும். அரை நொடி முந்தினால் கொடி உயரும், அரை நொடி பிந்தினால் பந்து கோல்கீப்பர் கைக்குப் போய்விடும். பயிற்சி மைதானத்தில் கூம்புகளை நட்டு இதைக் கற்றுத்தர முடியாது. உண்மையான ஆட்டத்தில், உண்மையான டிஃபெண்டர்களுக்கு எதிராக, நூறு முறை தவறவிட்டுத்தான் வரும். அப்படித் தவறவிடுகிற காலத்தில் ஒருவரை அணியில் வைத்துக்கொள்ள யாராவது துணிய வேண்டும். கேரளத்திலும் இந்தியா முழுவதிலும் அடைபட்டது இந்த இடம்தான்.

ஒரு காலத்தில் அந்தத் துணிவு இருந்தது, வேலை என்கிற வடிவில். கேரளா போலீஸ், டைட்டானியம், மின்வாரியம் போன்ற துறை அணிகள் பையனுக்கு முதலில் சம்பளம் கொடுத்தன, பிறகு ஆடவிட்டன. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம்.விஜயன் 17 வயதில் கேரளா போலீஸ் அணிக்குள் வந்தார். அவர் ஆடிய அந்த அணி 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. மில் அணி இன்னும் பெரிய சான்று. விஜயன், பாய்ச்சுங் பூட்டியா, சுனில் சேத்ரி என இந்தியாவின் பெரிய ஸ்ட்ரைக்கர்கள் மூவரும் வெவ்வேறு ஆண்டுகளில் அங்கே ஆடினார்கள். 1996-97-ல் நடந்த முதல் தேசிய லீக்கில் பூட்டியா 14 கோலுடன் முதலிடம் பிடித்தார். அடுத்த பருவத்தில் முதலிடம் கொச்சிக்கு வந்தது. எஃப்.சி. கொச்சினுக்காக 10 கோல் அடித்த ராமன் விஜயன் ஒரு தமிழர். இன்று பலருக்கு அவர் பெயரே நினைவில்லை என்பது வருத்தம்தான்.

பிறகு அந்த அணிகள் ஒவ்வொன்றாகப் போயின. 2000-களின் தொடக்கத்தில் எஃப்.சி. கொச்சின் மூடப்பட்டது. 2011-ல் ஜே.சி.டி.யும் கலைந்தது. துறை அணிகளில் பழைய வலு இல்லை. வேலையும் ஆட்டமும் ஒன்றாக நடந்த ஏற்பாடு எப்படி முறிந்தது என்பதற்கு வினீத்தே சான்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் கணக்காயர் அலுவலகத்தில் சேர்ந்த அவர், வருகைப்பதிவு போதவில்லை என்ற காரணத்துக்காக 2017-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இந்திய அணிக்கு ஆடுகிறவர் அலுவலக நாற்காலியில் எத்தனை நாள் உட்கார முடியும் என்று கேரளம் முழுக்கக் கேட்டார்கள். மாநில அரசு பின்னர் அவருக்குத் தலைமைச் செயலகத்தில் வேலை கொடுத்தது.

இதற்கிடையில் கோல் அடிக்கும் பொறுப்பு வெளிநாட்டவர் கைக்கு மாறிவிட்டது. ஐ-லீக்கின் தொடக்க ஆண்டுகளில் ஒடாஃபா ஒகோலி, ராண்டி மார்டின்ஸ் என்ற இரு நைஜீரியர்கள் அதிக கோல் பட்டத்தை ஒருவர் பின் ஒருவராகத் தம் வசம் வைத்திருந்தார்கள். சூப்பர் லீக் வந்தபோது 11 பேரில் 6 பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம் என்றிருந்தது. 2017-18-ல் அது 5 ஆகி, 2021-22 முதல் 4 ஆனது. எண்ணிக்கை குறையக் குறைய இந்தியர்களுக்கு இடம் கிடைத்தது உண்மை. ஆனால் கிடைத்த இடங்கள் எவை என்று பார்க்க வேண்டும். நாலு பேரைத்தான் இறக்கலாம் என்றால் எந்தக் கோச்சும் முதலில் ஸ்ட்ரைக்கரைத்தான் எடுப்பார், அதன் பிறகுதான் நடுத்தற்காப்பும் மிட்ஃபீல்டும். இந்தியருக்கு எஞ்சுவது விங், ஃபுல்பேக், கோல்கீப்பர். உலகச் சந்தையும் இப்படித்தான் விலை வைக்கிறது. 2017-ல் 222 மில்லியன் யூரோ கொடுத்து பாரிஸ் அணி வாங்கிய நெய்மர் ஒரு தாக்குதல் ஆட்டக்காரர். அந்த விலை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

ஆள் எடுத்த முறையும் இந்த நோய்க்குத் துணைபோனது. சூப்பர் லீக்கின் முதல் ஆண்டுகளில் இந்திய ஆட்டக்காரர்களை அணிகள் டிராஃப்ட் முறையில் எடுத்தன. பலர் ஐ-லீக் கிளப்புகளிடமிருந்து சில மாதங்களுக்குக் கடனாக வந்தவர்கள். 2014-ல் முதல் பருவமே அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிட்டது, லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம்தான். மூன்றாம் மாதம் திருப்பி அனுப்பப் போகும் ஆளை யார் வளர்ப்பார்கள்? டிராஃப்ட் என்பது ஏற்கெனவே விளைந்ததைப் பங்கு போடும் ஏற்பாடு, விதைக்கும் வேலை அதில் கிடையாது. 2017-ல் நடந்த கடைசிப் பெரிய டிராஃப்டில் மிக உயர்ந்த விலையான 1.1 கோடி ரூபாய் பெற்றவர்கள் டிஃபெண்டர் அனஸும் மிட்ஃபீல்டர் யூஜின்சன் லிங்டோவும். இந்திய ஸ்ட்ரைக்கருக்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. சந்தை பொய் சொல்லவில்லை, அணிகள் இந்தியரிடம் எதை எதிர்பார்த்தன என்பதைத்தான் சொன்னது.

கோச்சின் நிலையையும் பார்க்க வேண்டும். டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், டெர்ரி ஃபெலன், ஸ்டீவ் காப்பல், ரெனே மியூலன்ஸ்டீன், மறுபடியும் ஜேம்ஸ், நெலோ விங்காடா, எல்கோ ஸ்காட்டோரி, கிபு விகுனா... 2014-க்கும் 2021-க்கும் இடையில் பிளாஸ்டர்ஸ் மாற்றிய கோச்சுகளின் பட்டியல் இப்படி நீளும். நாலு ஆட்டம் தோற்றால் பெட்டி கட்ட வேண்டிய மனிதர், இருபது வயதுப் பையன் மூன்றாண்டு கழித்து நன்றாக ஆடுவான் என்று காத்திருக்க மாட்டார். 2021-ல் வந்த இவான் வுகோமனோவிச் மூன்று பருவம் இருந்தார். அவர் காலத்தில்தான் விபினும் அசரும் அய்மனும் சச்சினும் நிலைபெற்றார்கள். அவருடைய அணியிலும் ஒன்பதாம் இடம் வெளிநாட்டவருக்குத்தான் போனது.

இந்த வரிசையில் ஜோபி ஜஸ்டினின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. திருவனந்தபுரத்துக்காரர், மின்வாரிய அணியில் ஆடியவர். கோவையில் மான்ஸி 21 கோல் அடித்த அதே 2018-19 ஐ-லீக்கில், ஈஸ்ட் பெங்காலுக்காக 9 கோல் அடித்து இந்தியர்களில் முன்னணியில் நின்றார். அடுத்த ஆண்டு சூப்பர் லீக்கின் ஏ.டி.கே. அணி அவரை எடுத்தது. அங்கே முன்வரிசையில் ஏற்கெனவே ராய் கிருஷ்ணாவும் டேவிட் வில்லியம்ஸும் இருந்தார்கள். கிருஷ்ணா 15 கோல், வில்லியம்ஸ் 7 கோல், அணிக்குக் கோப்பை. கோச்சைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முந்தைய ஐ-லீக்கில் இந்தியர்களில் முன்னணியில் நின்ற ஸ்ட்ரைக்கர் பெஞ்சுக்குப் போனார். டி.கே.ஜெசின் கதையும் இப்படித்தான். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபியில் வெளிநாட்டவர் கிடையாது. 2022 அரையிறுதியில் கர்நாடகத்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜெசின் தனியாளாக 5 கோல் அடித்தார். கேரளம் ஏழாவது முறையாகக் கோப்பையை வென்றது. ஜெசினை ஈஸ்ட் பெங்கால் எடுத்துக்கொண்டது. அங்கே அந்தப் பருவத்தில் 12 கோல் அடித்து முன்னால் நின்றவர் பிரேசிலின் கிளெய்டன் சில்வா.

இன்னொரு வகை இழப்பு இடமாற்றம். மலப்புறத்து ஆஷிக் குருணியன் தாக்குதல் ஆட்டக்காரர். கிளப் ஆட்டத்தில் அவர் இடது ஃபுல்பேக்காகவும் ஆட வேண்டி வந்தது. வேகமான இந்தியப் பையன் என்றால் ஓரத்துக்குத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. அதனால்தான் லாலியன்சுவாலா சாங்டே, லிஸ்டன் கொலாசோ, பிபின் சிங், விக்ரம் பிரதாப் சிங் என்று இந்தியாவில் கோல் அடிப்பவர்கள் பெரும்பாலும் விங்கர்களாகவே இருக்கிறார்கள்.

கேரளத்துக்கென்று ஒரு தனிக்காரணமும் உண்டு: செவன்ஸ். மலப்புறம், கோழிக்கோடு, பாலக்காடு மாவட்டங்களில் நவம்பர் வாக்கில் தொடங்கி மழைக்காலம் வரும்வரை நடக்கும் எழுவர் கால்பந்து. விளக்கு வெளிச்சத்தில், தற்காலிக கேலரிகளில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். செர்ப்புளச்சேரி, மண்ணார்க்காடு அணிகளுக்கு மலபார் முழுக்கப் பெயர் உண்டு. நெருக்கடியில் பந்தை அடக்கும் கால், துணிவு, கூட்டத்தைக் கண்டு அஞ்சாத மனம் எல்லாம் செவன்ஸ் தருவது. அதைத் தாழ்த்திப் பேசும் பழைய கோச்சுகள் இந்த நன்மையை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே மைதானம் சிறியது, ஆஃப்சைடு பொதுவாக இல்லை. ஸ்ட்ரைக்கரின் தொழிலில் பாதி ஆஃப்சைடு கோட்டில்தான் இருக்கிறது. அந்தப் பாதியைக் கற்காமலே ஒருவர் செவன்ஸில் பெரிய ஆளாகிவிடலாம். அது போதாதென்று, ஊர் மக்கள் எந்த நாட்டுக்காரரானாலும் ‘சுடானி’ என்றே அழைக்கும் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைச் செவன்ஸ் அணிகளும் சம்பளத்துக்கு இறக்குகின்றன. கொச்சி மைதானத்தில் நடப்பது செவன்ஸ் ஆடும் நெல்வயலிலும் நடக்கிறது: கோல் அடிக்கக் காசு கொடுத்து ஆள், மற்றதற்கு ஊர்ப்பையன்.

செவன்ஸில் ஓர் இரவுக்குக் கிடைக்கும் பணம் உடனே கைக்கு வரும். சின்ன அகாடமியில் இரண்டாண்டு காத்திருப்பதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடிய பாலக்காட்டுக்காரர் ஆர்.தனராஜன், 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆடும்போதே சரிந்து விழுந்து இறந்தார். நாற்பதை நெருங்கிய வயதிலும் அவர் களத்தில் இருந்தார். அவர் குடும்பத்துக்கு உதவ அடுத்த மாதம் பாலக்காடு நூரணியில் ஏற்பாடு செய்த ஆட்டத்தில் தற்காலிக கேலரி சரிந்து பலர் காயப்பட்டார்கள். இந்த விளையாட்டை நம்பிய வாழ்க்கை எவ்வளவு நிச்சயமற்றது என்று பாலக்காட்டுப் பெற்றோருக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இடம் கொடுத்தால் இந்தியர் கோல் அடிப்பாரா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் பதிவில் இருக்கின்றன. 2010-ல் இந்தியக் கால்பந்து சம்மேளனம் வெளிநாட்டவரே இல்லாத இளைஞர் அணி ஒன்றை, பின்னாளில் இந்தியன் ஏரோஸ் என்று அறியப்பட்டதை, ஐ-லீக்கில் இறக்கியது. அதில் ஆடிய மிசோரம் பையன் ஜெஜே லால்பெக்லுவா 2010-11-ல் 13 கோல் அடித்தார். சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி. வென்ற இரண்டு கோப்பைகளிலும் அவர் இருந்தார். இரண்டாவது விடை காரைக்குடிப் பக்கத்து சிவசக்தி நாராயணன். கொச்சினுக்காகக் கோல் அடித்த அதே ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். 2022-23-ல் பெங்களூரு கோச் சைமன் கிரேசன், சேத்ரியையே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவரை ராய் கிருஷ்ணாவுடன் இறக்கினார். சிவசக்தி 6 கோல் அடித்து அந்தப் பருவத்தின் சிறந்த வளரும் ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார்.

இரண்டுமே தொடரவில்லை. ஏரோஸ் 2013-ல் நிறுத்தப்பட்டு, 2017-ல் மீண்டும் தொடங்கி, 2022-ல் மறுபடி கலைக்கப்பட்டது. விளைவு தேசிய அணியில் தெரிந்தது: 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பியது. அந்த ஜூனில் ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள். அழைத்ததில் தவறில்லை. 2024-25 சூப்பர் லீக்கில் அதிக கோல் அடித்த இந்தியர் அவர்தான், 14 கோல். அப்போது அவருக்கு வயது 40.

வெளிநாட்டவர் எண்ணிக்கையை 4-லிருந்து 3 ஆக்கினாலும் அந்த மூவரில் ஒருவர் ஸ்ட்ரைக்கராகவே இருப்பார். ஆகவே சட்டத்தால் மட்டும் இது தீராது. இளையோர் லீக்குகளில் ஆட்டங்களின் எண்ணிக்கை கூட வேண்டும். செவன்ஸில் கோல் அடிக்கும் பதினாறு வயதுப் பையனைப் பெரிய மைதானத்துக்கும் ஆஃப்சைடு கோட்டுக்கும் அப்போதே பழக்க வேண்டும். பிளாஸ்டர்ஸ் போன்ற கிளப் ஒன்று, ஒரு முழுப் பருவம் ஒரு மலையாளப் பையனையோ தமிழ்ப் பையனையோ ஒன்பதாம் இடத்தில் நிறுத்தி, அவன் தவறவிடும் கோல்களுக்காகக் கலூர் கூட்டம் போடும் கூச்சலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டுக்கும் பணம் போதும். மூன்றாவதை, சூப்பர் லீக் வந்த பிறகு, எந்தக் கேரள கிளப்பும் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை.

(தொடரும்)