ஓநாயைக் கொண்டுவந்தது யார், இழப்பைச் சுமப்பது யார்?

2023 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பகுதியில் ஐந்து கூண்டுகள் திறக்கப்பட்டன. உள்ளே இருந்த ஓநாய்கள் காட்டுக்குள் ஓடி மறைந்தன. அடுத்த சில நாட்களில் மேலும் ஐந்து. பத்தும் ஓரிகன் மாநிலத்தில் பிடிக்கப்பட்டு விமானத்தில் கொண்டுவரப்பட்டவை. கொலராடோவின் சொந்த ஓநாய்கள் 1940-களிலேயே கொன்று தீர்க்கப்பட்டிருந்தன.

இந்த முடிவை எடுத்தது அரசோ விஞ்ஞானிகளோ அல்லர். 2020 நவம்பரில் அதிபர் தேர்தலோடு சேர்த்து மாநில மக்களிடமே கேட்கப்பட்டது: ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா, வேண்டாமா? 50.9 சதவீதம் பேர் 'வேண்டும்' என்றார்கள். டென்வர், போல்டர் போன்ற நகரத்தார் ஆதரித்தார்கள். மலைக்கு மேற்கே மாடு வளர்க்கும் ஊர்களில் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். ஆனால் ஓநாய்கள் விடப்பட்டது அந்த மேற்குப் பக்கத்தில்தான். ஓநாய் பற்றி அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடக்கும் சண்டை முழுவதையும் இந்த ஒரு வாக்கெடுப்பில் பார்த்துவிடலாம்.

சண்டையின் வேர் பழையது. 1915 முதல் அமெரிக்க அரசே சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓநாய்களைக் கொன்றது. பொறி, துப்பாக்கி, விஷம் தடவிய இறைச்சி என்று எதுவும் மிச்சமில்லை. நாட்டின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோனில்கூட 1926-க்குள் ஓநாய் துடைத்தெறியப்பட்டது. அதன்பின் அங்கே எல்க் என்னும் பெரிய மான்கள் பெருகி, இளம் மரக்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. கடைசியில் பூங்கா ஊழியர்களே துப்பாக்கி எடுத்து மான்களைச் சுட வேண்டியதாயிற்று. ஓநாய் செய்துவந்த வேலையை மனிதன் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தான்!

இளமையில் தானே ஓநாய்களைச் சுட்டவர் ஆல்டோ லியோபோல்ட் என்ற வன அதிகாரி. தான் சுட்ட ஒரு தாய் ஓநாய் உயிர்விடுவதை அருகில் நின்று பார்த்ததும், பிற்காலத்தில் தன் எண்ணம் மாறியதும் 1949-இல் வெளியான அவரது நூலில் இருக்கின்றன. 1973-இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் யெல்லோஸ்டோனுக்குக் கொண்டுவரப்பட்டன. 1994-இல் சுமார் 19,000 இருந்த வடபகுதி எல்க் மந்தை, 2013-இல் 4,000-க்கும் கீழே இறங்கியது. இது முழுக்க ஓநாயின் வேலை என்று சிலர் சொல்வார்கள். கரடி, மலைச்சிங்கம், வறட்சி, மனித வேட்டை ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

இனி மாட்டுக்காரர் பக்கம் வருவோம். நகரத்து ஓநாய்ப் பிரியர்கள் அவர்களைக் கல்நெஞ்சர்கள் போலப் பேசுவது நியாயமாகப் படவில்லை. குர்பானிக்காக வாங்கிய ஆட்டை நாலு மாதம் வீட்டில் வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கால்நடை வெறும் கிலோ கணக்கல்ல என்பது. கொலராடோவில் கோடைக்காலத்தில் மாடுகள் மலைக் காடுகளில் பரந்து மேய்கின்றன. நம் ஊரைப் போல மாலையானால் தொழுவத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு கன்று செத்தால் அது கண்ணில் படவே சில நாட்கள் ஆகலாம். அதற்குள் கழுகும் கரடியும் தின்றுவிட்டால், கொன்றது ஓநாய் என்று காட்டத் தடயம் இருக்காது. தடயம் இல்லையென்றால் அந்தக் கன்றுக்கு இழப்பீடு கேட்பது கடினம்.

ஓநாய் கொன்ற ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை அரசு தருகிறது. இது தாராளமான தொகைதான். பயத்தில் மாடுகள் சரியாக மேயாமல் எடை குறைவதையும், சினை பிடிப்பது குறைவதையும் கணக்கில் சேர்க்க விதி இருக்கிறது. இந்தக் கணக்குப்படி 2025-இல் இரண்டு பண்ணைகளுக்கு மட்டும் 3,40,000 டாலருக்கு மேல் ஒப்புதலானது. ஓர் ஆண்டு முழுவதற்கும் மொத்த ஒதுக்கீடே 3,50,000 டாலர்!

கொல்லாமல் காக்கும் வழிகளும் உண்டு. குதிரையில் இரவுக் காவல், காவல் நாய்கள், வேலியைச் சுற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் செந்துணிகள். துணி காற்றில் ஆடுவதைக் கண்டு ஓநாய் சில வாரங்கள் மிரளும், பிறகு பழகிவிடும். சரி, சுட்டால் தீருமா? ஓநாய்களைச் சுட்ட இடங்களில் மறு ஆண்டு கால்நடை இழப்பு கூடுகிறது என்று 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதே புள்ளிவிவரத்தை வேறு ஆய்வாளர்கள் மீண்டும் கணக்கிட்டு, அந்த முடிவு சரியல்ல என்றார்கள். ஆகவே 'விஞ்ஞானம் எங்கள் பக்கம்' என்று எவர் சொன்னாலும் கொஞ்சம் நிதானமாகக் கேட்பது நல்லது.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது என்ற பெயரில் நடப்பது எல்லாம் கட்டுப்பாடாகவும் இருப்பதில்லை. 2021 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலம் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களுக்கு 119 ஓநாய்களை ஒதுக்கியது. மூன்று நாட்கள்கூட ஆகவில்லை, 218 ஓநாய்கள் கொல்லப்பட்டன. பெண் ஓநாய்கள் சினையாகும் மாதம் அது. அம்மாநிலத்தின் ஒஜிப்வே பழங்குடியினருக்கும் 81 ஓநாய்கள் தனியே ஒதுக்கப்பட்டிருந்தன. ஓநாயைத் தங்கள் சகோதரனாகக் கருதும் அவர்கள் ஒன்றையும் கொல்லவில்லை.

கொல்லலாமா என்பது ஒரு கேள்வி. எப்படிக் கொல்லலாம் என்பது வேறு கேள்வி. ஆட்டின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது என்று சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை. வயோமிங் மாநிலத்தின் ஏறத்தாழ 85 சதவீதப் பரப்பில் ஓநாயை உரிமம் இல்லாமல் எந்த நாளிலும் கொல்லலாம். 2024 பிப்ரவரியில் அங்கே ஒருவர் பனியில் ஓடும் வண்டியால் ஓர் இளம் ஓநாயை மோதி வீழ்த்தினார். உயிரோடிருந்த அதன் வாயை டேப்பால் கட்டி, மதுக்கடைக்கு இழுத்து வந்து காட்டிவிட்டு, பிறகு கொன்றார். முதலில் விதிக்கப்பட்ட அபராதம் 250 டாலர். அதுவும் காட்டு விலங்கை உயிரோடு வைத்திருந்ததற்காக! வண்டியால் மோதியது அங்கே குற்றமாகவே கருதப்படவில்லை. நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே, 2025-இல், விலங்கு வதை வழக்கு வந்தது. இதில் மாட்டுக்காரரின் இழப்புக்கும் அந்தச் செயலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மீண்டும் கொலராடோவுக்கு. அங்கே விடப்பட்ட ஓநாய்களில் ஓர் இணை 2024-இல் குட்டி ஈன்றது. அதே குடும்பம் அப்பகுதி மாடுகளையும் ஆடுகளையும் தொடர்ந்து தாக்கியதால், மாநில வனவிலங்குத் துறை அவற்றைப் பிடித்து அடைத்தது. பிடிபட்டபோதே துப்பாக்கிக் காயத்தோடு இருந்த தந்தை ஓநாய் இறந்தது. சுட்டது யார் என்று பகிரங்கமாகவில்லை. 2025 ஜனவரியில் தாயையும் குட்டிகளையும் வேறு மாவட்டத்தில் விட்டார்கள். அங்கும் மாடுகள் தாக்கப்பட்டன. மே மாத இறுதியில் அந்தக் குட்டிகளில் ஒன்றைத் துறையின் ஊழியர்களே சுட்டுக் கொன்றார்கள். ஒன்றைக் கொன்றது போதாது, முழுக் குடும்பத்தையும் அகற்ற வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.