கத்தரிக்காய்த் தொக்கும் ஓர் அமைதியான மாலையும்

சந்தையில் கத்தரிக்காய் மலிந்து கிடக்கும் நாள்கள் ஆண்டில் பல உண்டு. கொல்லையில் நான்கு செடி வைத்திருப்போர் வீட்டிலோ பறித்து மாளாது. குழம்பிலும் பொரியலிலும் அன்றாடம் கண்டு சலித்த காயாதலின், நாம் அதனை அத்துணை மதிப்பதில்லை. ஆயினும், அவசரமற்ற ஒரு மாலைப் பொழுதில் அதனைத் தொக்காகக் கிளறி வைத்தால், அடுத்த சில நாள்களுக்குச் சோற்றுக்கும் இட்டிலிக்கும் துணையாகும். அந்த மாலையும் குடும்பத்துக்குப் பயன்படும். இதனையே ஈண்டுச் சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

கத்தரி நமக்கு அந்நியமன்று. பழந்தமிழில் அதன் பெயர் வழுதுணை. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. மிளகாயோ அமெரிக்க மண்ணில் தோன்றி, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்நாட்டை அடைந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். தாவர நூலார் கத்தரியையும் மிளகாயையும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பர். கடலால் பிரிந்திருந்த உறவினர் இருவர் நம் வாணலியில் ஒன்றுகூடுகின்றனர்!

இலங்கையில் இக்காயைப் பொரித்து, கடுகும் வினாகிரியும் சேர்த்து 'மோஜு' செய்வர். வினாகிரி என்னும் சொல்லும் போர்த்துக்கீசியம் தந்ததே. நம் வீடுகளில் அந்தப் புளிப்பைத் தருவது புளி.

அரைக் கிலோ பிஞ்சுக் கத்தரிக்காய்க்கு எலுமிச்சம்பழ அளவு புளி, காய்ந்த மிளகாய் 10, பூண்டு 10 பல், கடுகு இரண்டு தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 100 மில்லி லிட்டர், சிறிது பெருங்காயம், மஞ்சள்தூள், வெல்லம், உப்பு ஆகியவை போதும். மிளகாய், வெந்தயம், பாதிக் கடுகு ஆகியவற்றை வெறும் வாணலியில் வறுத்துப் பொடிக்கவும். காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி உப்பு நீரில் இடவும். காற்றுப் பட்டால் கறுத்துவிடும். பாதி எண்ணெயைக் காயவைத்து, எஞ்சிய கடுகைத் தாளித்து, பெருங்காயம், பூண்டு, நீர் வடித்த காய்த்துண்டுகள் ஆகியவற்றை முறையே சேர்த்து வதக்கவும்.

காய் எண்ணெயை முழுவதும் குடித்துவிடுவதைக் கண்டு மேலும் மேலும் ஊற்ற வேண்டா. அதன் சதை பஞ்சு போன்றது. உள்ளே காற்றறைகள் நிறைந்தது. வெந்து குழையும்போது அவ்வறைகள் அமிழ்ந்து, குடித்த எண்ணெயைத் திருப்பித் தரும். காய் குழைந்ததும் நன்கு மசித்து, கெட்டியான புளிக்கரைசல், மஞ்சள், உப்பு சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடவும். பின்னர் பொடி, வெல்லம், மீதி எண்ணெய் சேர்த்துச் சிறுதீயில் கிளறவும். ஓரங்களில் எண்ணெய் பிரிந்து வருவதே பதம்.

இதற்கு ஏறக்குறைய அரைமணி நேரமாகும். தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும். கையை எடுத்தாலும் அடிபிடிக்கும். இவ்வேலையைத் தாய் ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு, ஏனையோர் தொலைக்காட்சி முன்னும் கைப்பேசியுடனும் அமர்ந்திருப்பது முறையா என வீட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை பூண்டு உரிக்கலாம். சிறுவர் புளியில் கொட்டை நீக்கலாம். வெந்தயம் சிவந்ததா கருகியதா என்பதைப் பாட்டி மணத்திலேயே சொல்லிவிடுவார். கரண்டி கைமாறிக்கொண்டே இருக்கட்டும். நேருக்கு நேர் அமர்த்தி வினவினால் வாய் திறவாத பிள்ளை, பூண்டு உரித்துக்கொண்டிருக்கையில் பள்ளியில் நடந்ததைத் தானாகவே சொல்வதுண்டு. அதைக் கேட்கப் பெற்றோர் இருவரும் அருகிலிருக்க வேண்டுமன்றோ?

ஓர் எச்சரிக்கையும் தேவை. மேலே எண்ணெய் மிதந்தால் தொக்கு எத்தனை நாளும் கெடாது என்று பலர் நம்புகின்றனர். எண்ணெய் காற்றைத் தடுக்குமேயன்றி நுண்ணுயிரைக் கொல்லாது. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் நுண்ணுயிரும் உண்டு. புளிப்புக் குறைந்த பண்டத்தில், சிறப்பாக எண்ணெயில் ஊறிய பூண்டில், அதற்கு இடம் கிடைக்கும். ஆதலின் புளியைக் குறைக்கலாகாது. ஆறியதும் ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இட்டுக் காலந்தாழ்த்தாது குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுத்து, ஒரு வாரத்துக்குள் உண்டுவிடுக.

ஒரு வாரத்துக்குள் தீர வேண்டும் என்பதும் நன்மைக்கே. அரைக் கிலோவில் செய்தது ஒரு சிறு குடும்பத்துக்குச் சற்று மிகுதி. பிள்ளைகள் தொலைவில் பிழைக்கச் சென்றுவிட, தனித்து வாழும் முதியோர் பக்கத்துத் தெருவில் இருக்கக்கூடும். தமக்கென்று மட்டும் அடுப்பு மூட்ட மனமின்றி, மோரும் பழைய சோறுமாய்ப் பொழுதைக் கழிப்போர் அவருள் உளர். ஒரு சிறு புட்டியில் தொக்கை நிரப்பி, பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். வாசலில் கொடுத்துவிட்டு ஓடிவராமல், சற்று அமர்ந்து பேசிவிட்டு வருமாறும் சொல்லியனுப்புங்கள்.