நரம்பு என்னும் தலையாரி

நெம்மேலிக் கடற்கரையில் ஒரு நாள் மாலை காற்று வாங்கச் சென்றிருந்தோம். திரும்பும் வழியில் முள்வேலி ஒன்று நமது புறங்கையைக் கீறிவிட்டது. கீறிய இடத்தில் முதலில் ஒரு சிவப்புக் கோடு; சற்றைக்கெல்லாம் அதன் இரு புறமும் செம்மை பரவிற்று; பிறகு கோடு தடித்து வீங்கிற்று. முள் பட்டதோ ஒரு கோட்டில். படாத இடம் ஏன் சிவக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர் லண்டன் வைத்தியர் ஸர் தாமஸ் லூயிஸ். 1927-ல் அவர் வெளியிட்ட நூல் இதை விளக்கிற்று. சுற்றிலும் பரவும் செம்மை நரம்பின் வேலை! ஊருக்குள் திருடன் புகுந்தால் தலையாரி என்ன செய்வான்? தாலுகா கச்சேரிக்கு ஆள் அனுப்பும்போதே பக்கத்து வீட்டுக் கதவுகளையும் தட்டுவான் அல்லவா? தோலின் நரம்பும் அப்படியே. மூளைக்கு வலியென்ற செய்தியை அனுப்பும்போதே, தன் கிளைகளின் வழியே அக்கம்பக்கத்தில் சில ரசாயனப் பொருள்களைக் கசியவிடுகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் விரைந்து வருகின்றன.

தலையாரியே மாண்டுபோனால்? அதற்கு விடை இதே செங்கற்பட்டு ஜில்லாவில் இருக்கிறது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் தொழுநோயாளருக்காக ஒரு விடுதி ஏற்பட்டது. 1955-ல் இந்திய சர்க்கார் அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கினர். தொழுநோய்க் கிருமி குடிபுகுவது நரம்பில். நோய் கண்ட படையின்மீது ஹிஸ்டமின் என்னும் மருந்தை ஒரு துளி வைத்து ஊசியால் குத்தினால், புள்ளி சிவக்கும், தடிப்பும் எழும், சுற்றிலும் பரவ வேண்டிய செம்மை மட்டும் தோன்றாது. நரம்பு கெட்டதை வைத்தியர்கள் இவ்விதம் கண்டுபிடித்தார்கள்.

1947-ல் வேலூரிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் இந்த விடுதியைப் பார்க்க வந்தார். வளைந்த விரல்களையுடைய நோயாளி ஒருவர் அவர் கையைப் பற்றினார். பிடியோ இரும்புப் பிடி! சதை அழுகி விரல் உதிர்கிறது என்று உலகம் நம்பிவந்தது தவறு என்பதை அவருடைய பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. சுட்டாலும் வெட்டினாலும் உறைப்பதில்லை; ஆகவே புண்பட்ட காலாலேயே நடக்கிறார்கள்; புண் ஆறுவதில்லை. வலி இல்லாமையே அவர்களுடைய விரோதி.

நரம்புக்கு எழுப்பத்தான் தெரியும் என்று எண்ண வேண்டாம், அடக்கவும் தெரியும். மூளையிலிருந்து இருதயம், வயிறு வரை இறங்கும் 'வேகஸ்' நரம்பைத் தூண்டினால், மிதமிஞ்சிய அழற்சி தணிகிறதென்று அமெரிக்காவில் டாக்டர் கெவின் டிரேஸி குழுவினர் 2000-ல் எலிகளிடம் காட்டினர். அந்த நரம்பைத் தூண்டக் கழுத்துக்குள் பொருத்தும் சிறு கருவியை, முடக்குவாத மூட்டு அழற்சிக்காக 2025-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தனர்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வலிக்கும் புண்ணுக்கு வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். உணர்ச்சியற்ற வெளிறிய படை ஒன்று வீட்டில் யாருக்கேனும் தோன்றினால் "வலிக்கவில்லையே" என்று சும்மா இருந்துவிடுகிறோம். உண்மையில் அப்போதுதான் ஓட வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். காலத்தில் உட்கொண்டால் நோய் முற்றிலும் தீரும். வெட்கப்பட்டு மறைப்பதால் நரம்புதான் போகும். போன நரம்பு திரும்புவது அரிது.

வீடு திரும்புமுன் நமது கையில் செம்மை மறைந்துவிட்டது. எரிச்சல் மட்டும் சிறிது இருந்தது. அதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.