கம்ப்யூட்டருக்கு ஒரு கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர்

கம்ப்யூட்டருடன் வந்த சின்ன ஸ்பீக்கர்களில் பாட்டுக் கேட்டு அலுத்துவிட்டதா? ஸ்பீக்கர் பெட்டிகளில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் அதை நம்பி ஏமாற வேண்டாம். அது கண் இமைக்கும் நேரத்துக்கான கணக்கு. வீட்டு அறைக்கு நல்ல தரமான 10 வாட் போதும். கடலூர் செம்மண்டலத்தில் என் கம்ப்யூட்டருக்காக நானே செய்து பயன்படுத்தும் கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயரைப் பற்றி இங்கு பார்க்கலாம்.

கிளாஸ் ஏ என்றால் என்ன?

சாதாரண ஆம்ப்ளிஃபயரில் ஒலி அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் கவனிக்கும். வேலை கைமாறும் இடத்தில் ஒலி சற்றே சிதையும். கிளாஸ் ஏ வகையில் டிரான்சிஸ்டர்கள் ஓய்வதே இல்லை. பாட்டு ஓடாதபோதும், பஸ் ஸ்டாண்டில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பஸ் போல, மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒலி தெளிவாக இருக்கும், சூடும் அதிகம்.

நான் எடுத்துக்கொண்டது, ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரலில் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட சர்க்யூட். ஒரு சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர் தேவை. அதாவது சேனலுக்குச் சுமார் 32 வாட், இரண்டுக்கும் 65 வாட். தினமும் 4 மணி நேரம் கேட்டால் மாதம் ஏறக்குறைய 8 யூனிட் செலவாகும். உதிரி பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். 2என்3055 டிரான்சிஸ்டரில் போலிகள் உண்டு. நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஹீட் சிங்க்

ஹீட் சிங்கை வாட்டுக்கு எத்தனை டிகிரி சூடேறும் என்று கணக்கிடுவார்கள். வாட்டுக்கு 1 டிகிரி என்றால் 32 வாட்டுக்கு 32 டிகிரி ஏறும். 20 டிகிரி குளிர் உள்ள அறையில் அது 52 டிகிரியோடு நிற்கும். நம் கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரி என்றால் 70 டிகிரி ஆகிவிடும். கை வைக்க முடியாது. எனவே சேனலுக்கு 0.6 டிகிரி அளவுள்ள பெரிய ஹீட் சிங்கைப் போடுங்கள். டிரான்சிஸ்டருக்கு அடியில் மைக்கா தகடும் ஹீட் சிங்க் பேஸ்ட்டும் அவசியம்.

முதல் முறை ஆன் செய்யும்போது

230 வோல்ட் பகுதியை அனுபவம் உள்ளவரை வைத்து இணையுங்கள். ஸ்பீக்கரை இப்போது மாட்ட வேண்டாம். அதற்குப் பதில் 8 ஓம், 20 வாட் ரெசிஸ்டரை இணையுங்கள்.

1. 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு ஒரு சேனலை மட்டும் ஆன் செய்யுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட். மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் பயம் இல்லை. கிளாஸ் ஏ அப்படித்தான்.

2. பல்பை நீக்கிவிட்டு மல்டிமீட்டரால் இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் சேரும் இடத்தைச் சோதியுங்கள். 27 வோல்ட்டில் பாதி, 13.5 இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரீசெட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

3. 8 ஓம் ரெசிஸ்டரில் டி.சி. வோல்ட் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் நிலையாக நின்றாலும் அவுட்புட் கெப்பாசிட்டர் லீக் ஆகிறது என்று பொருள். அதை மாற்றாமல் ஸ்பீக்கரை மாட்டினால் காயில் கெட்டுப்போகலாம்.

4. 15 நிமிடம் சூடேற விட்டு எல்லாவற்றையும் மறுபடி அளந்து பாருங்கள்.

'ம்ம்ம்' என்ற ஹம்மிங்

எல்லாம் சரியாக இருந்தும், கம்ப்யூட்டரின் பச்சை ஜாக்கை இணைத்ததும் என் செட்டில் ஹம்மிங் கேட்டது. இப்படி வந்தால் சர்க்யூட்டைப் பிரிக்காதீர்கள். முதலில் கம்ப்யூட்டர் கேபிளைக் கழற்றி, ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டை ஷார்ட் செய்து கேளுங்கள். ஹம்மிங் அப்படியே இருந்தால் கோளாறு பவர் சப்ளையில்: ஃபில்டர் கெப்பாசிட்டர் அல்லது எர்த் வயர் இணைத்த விதம். என் செட்டில் கேபிளைக் கழற்றியதும் நின்றுவிட்டது. அப்படியானால் அது எர்த் லூப். கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனி பிளக்குகள் வழியே எர்த்தில் சேர்வதாலும், ஆடியோ கேபிள் அவற்றை மீண்டும் இணைப்பதாலும் ஒரு வளையம் உருவாகிறது. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றால் சந்தேகமே இல்லை.

இதற்குச் சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்வார்கள். கேட்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் போனால் உலோகப் பெட்டியிலேயே 230 வோல்ட் இருக்கும். தொட்டவர் உயிருக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். நான் செய்ததும் இதுதான், பெரும்பகுதி குறைந்தது. மிச்சத்துக்கு ஆடியோ கேபிளின் நடுவே ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். முழுவதும் நின்றுவிட்டது.

கடலோர வாசகர்களுக்கு

உப்புக் காற்றில் பித்தளை பின்கள் பச்சை பூக்கும். வால்யூமைத் திருப்பும்போதும் பிளக்கை அசைக்கும்போதும் 'கரகர' சத்தம் வந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் வோல்ட் இறங்கிவிட்டதை மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.