'மாதக் கட்டணமே இல்லை' என்கிற பெட்டி: காசை யார் கட்டுகிறார்?

"ஒரு தடவை காசு கொடுங்க அண்ணே, அதோடு சரி. மாதா மாதம் எதுவும் கட்ட வேண்டாம். தமிழ்ச் சேனல் எல்லாம் வரும், கிரிக்கெட் வரும், புதுப்படம் வரும்." மின்சாதனக் கடைத்தொகுதிகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குறைவு. கையில் கொடுக்கப்படும் பொருளோ உள்ளங்கை அளவுதான். கறுப்பு நிறம். பெயர் என்று ஏதோ ஓர் எழுத்தும் இரண்டு எண்களும். மக்கள் அதற்கு வைத்திருக்கும் பொதுப்பெயர் 'ஆண்டிராய்டு பாக்ஸ்'.

கட்டணத் தொலைக்காட்சிக்கு மாதந்தோறும் கட்டி அலுத்த குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதலாகத் தெரிவதில் வியப்பில்லை. பாட்டிக்குத் தொடர் நாடகம், அப்பாவுக்குச் செய்தி, பையனுக்குக் கிரிக்கெட். மூன்றுக்கும் மூன்று இடத்தில் சந்தா கட்டச் சொன்னால் யாருக்குத்தான் சலிக்காது? அந்தச் சலிப்பு நியாயமானதே.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. படம் எடுத்தவருக்குப் பணம் வர வேண்டும். கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையை வாங்கியவர் பெருந்தொகை கொடுத்திருக்கிறார். படத்தை இணையத்தில் அனுப்பும் கணினிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றுக்கு மின் கட்டணம் உண்டு, வாடகை உண்டு. வாங்கியவர் மாதா மாதம் கட்டவில்லை என்றால், இந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? இதற்குப் பதில் காண, முதலில் அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவுபடுத்திவிடலாம். சிங்கப்பூரில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரித் தொடக்கத்தோடு நின்றது. மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபரில் நின்றது. அந்தச் சமயத்தில் பழைய தொலைக்காட்சிகளுக்காக வீடுகளில் பொருத்தப்பட்ட மின்னிலக்கப் பெட்டி வேறு வகை. அது ஆண்டெனாவில் வரும் அலையை வாங்கிப் படமாக்கும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் வசந்தமும் மலேசியாவில் ஆர்டிஎம் அலைவரிசைகளும் அதன்வழி இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தப் பெட்டியின் பேரில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே பேசப்படுவது வீட்டு இணையத்தோடு இணைக்கப்படும் பெட்டியைப் பற்றி.

தொட்டியும் குழாயும்

இணையத்தில் வரும் படம் ஒரே நீளமாக வருவதில்லை. அனுப்புகிறவர் அதைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு துண்டும் மங்கலிலிருந்து மிகத் தெளிவு வரை பல தரங்களில் தயாராக இருக்கும். பெட்டி ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. போன துண்டு சட்டென்று வந்து சேர்ந்தால் அடுத்ததைக் கூடுதல் தெளிவில் கேட்கும். தாமதமாக வந்தால் தரத்தைக் குறைத்துக் கேட்கும். படம் நடுவில் திடீரென்று மங்கிப் பிறகு தெளிவதன் காரணம் இதுதான். ஆப்பிள் நிறுவனம் 2009இல் இந்த முறையில் ஒன்றை வெளியிட்டது. 2012இல் எல்லாருக்கும் பொதுவான ஒரு தரநிலையும் வந்தது.

வாங்கிய துண்டுகளைப் பெட்டி உடனே காட்டிவிடுவதில்லை, கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்கிறது. வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி மாதிரி. குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் தொட்டியில் இருப்பு உள்ளவரை குளிக்கிறவருக்கு அது தெரியாது. தொட்டி வற்றினால்தான் திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. இந்தச் சேமிப்பினால் நேரலை சற்றுப் பின்தங்கியே வரும். பக்கத்து வீட்டில் ஆறு ரன் அடித்ததற்கான கூச்சல் கேட்ட பிறகு, இந்த வீட்டில் பந்து வீசப்படும்!

இதற்கெல்லாம் பிரமாதமான வேகம் தேவையில்லை. முழு எச்டி படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட் இருந்தால் போதும் என்பது நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவு. வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை இணையமோ விநாடிக்குப் பல நூறு மெகாபிட். அப்படியும் படம் நின்று நின்று வருகிறதென்றால், சிக்கல் பெரும்பாலும் ரவுட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் இடைப்பட்ட வைஃபையில்தான். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் பலர் ரவுட்டரைக் கொண்டுபோய் சேமிப்பறையாகப் பயன்படும் அந்தத் தடித்த கான்கிரீட் பாதுகாப்பறைக்குள் வைத்துவிடுகிறார்கள். இரும்புக் கதவையும் சாத்திவிடுகிறார்கள். அலை எப்படி வெளியே வரும்? ரவுட்டரை வெளியே எடுத்து வைப்பது புதுப் பெட்டி வாங்குவதைவிட மலிவு. ஒரு கம்பியை நேரே இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

அட்டையில் 4கே, திரையில் மங்கல்

பெயரில்லாப் பெட்டிகளின் அட்டையில் 4கே, 8கே என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். வீட்டில் நெட்ஃபிளிக்ஸ் போட்டால் பழைய குறுந்தட்டுப் படம்போல் வரும். பெட்டியின் சில்லு 4கே காட்டக்கூடியதாகவே இருக்கலாம். ஆனால் படத்துக்கு உரியவர் நம்ப வேண்டுமே! கூகலுக்குச் சொந்தமான 'வைட்வைன்' என்னும் பூட்டு முறையில் உயர்நிலைச் சான்று பெற்ற கருவிக்குத்தான் தெளிவான படம் அனுப்பப்படும். சான்று இல்லாத கருவிக்குச் சாதாரணத் தரம்தான்.

ஆக, இந்தத் தொழிலில் வன்பொருளைக் காட்டிலும் நம்பிக்கைச் சான்றுக்குத்தான் மதிப்பு. இதற்கு ஒரு நல்ல உதாரணம் 2025 மார்ச் மாதம் கிடைத்தது. கூகல் 2013இல் 35 அமெரிக்க டாலருக்கு அறிமுகப்படுத்திய குரோம்காஸ்ட், தொலைக்காட்சியின் பின்னால் செருகும் சிறு கருவி. 2015இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறைக் கருவிகள், 2025 மார்ச் 9ஆம் தேதி வாக்கில் பல நாடுகளில் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்தன. கருவி பழுதாகவில்லை, கம்பி அறுபடவில்லை. உள்ளே இருந்த மின்னிலக்கச் சான்றிதழ் ஒன்றுக்கு ஆயுள் பத்தாண்டு; அது முடிந்துபோனது. கூகல் சில நாளில் சரிசெய்து மென்பொருளை அனுப்பியது. இவ்வளவுக்கும் அதற்கு முந்தைய ஆண்டே குரோம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாக அது அறிவித்திருந்தது.

பெரிய நிறுவனங்களின் கருவியும் தடுக்கி விழும் என்பது இதில் ஒரு பாதி. விழுந்தபோது தூக்கிவிட ஓர் ஆள் இருந்தார் என்பது மறு பாதி. எழுத்தும் எண்ணும் மட்டுமே பெயராகக் கொண்ட பெட்டி நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது?

யாருடைய வாழ்நாள்?

அந்தப் பெட்டிகளில் 'எல்லாச் சேனலும்' எப்படி வருகின்றன? எங்கோ ஒருவர் முறைப்படி சந்தா கட்டி வாங்கிய ஒளிபரப்பைப் பிடித்து, தம்முடைய கணினி வழியாக ஆயிரக்கணக்கானோருக்குத் திருப்பி அனுப்புகிறார். அந்தக் கணினி பிடிபட்டால், அல்லது அவர் கடையைக் கட்டிவிட்டால், அன்று இரவே திரை இருண்டுவிடும். 2024 நவம்பரில் இத்தாலியக் காவல் துறை தலைமையில் ஐரோப்பாவில் நடந்த ஒரே நடவடிக்கையில், உலகெங்கும் 22 மில்லியன் பேர் பயன்படுத்திய வலையமைப்பு முடக்கப்பட்டது. 'வாழ்நாள் முழுவதும் இலவசம்' என்று கடையில் சொல்லும்போது, அது வாங்குகிறவரின் வாழ்நாள் அல்ல.

சட்டமும் இப்போது பழையபடி இல்லை. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், இத்தகைய பெட்டியைத் தெரிந்தே விற்கும் தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. மறு ஆண்டு அக்டோபரில் சிம் லிம் சதுக்கக் கடைகளில் காவல் துறை சோதனை நடத்தி 2,500க்கும் அதிகமான பெட்டிகளைப் பறிமுதல் செய்தது. மலேசியாவில் 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள திருத்தம் இன்னும் கடுமை: தயாரித்தல், இறக்குமதி, விற்பனை, வாடகைக்கு விடுதல் ஆகியவற்றுக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. இவை முதன்மையாகக் குறிவைப்பது விற்பவரைத்தான். அதனாலேயே வாங்குகிறவர், 'நமக்கு என்ன வந்தது' என்று இருந்துவிடுகிறார். அவருக்கு வருவது வேறு திசையிலிருந்து.

வாடகைக்குப் போகும் வீட்டு முகவரி

2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர், இணையத்தில் வாங்கிய 'டி95' என்ற மலிவுப் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார். அட்டையைப் பிரிக்கும் முன்பே அதற்குள் கெடுதல் மென்பொருள் இருந்திருக்கிறது. யாரும் தவறான இணைப்பைத் தொடவில்லை, எந்தச் செயலியையும் இறக்கவில்லை. பெட்டி இணையத்தில் சேர்ந்ததும் முன்பின் தெரியாத கணினிகளோடு தானாகவே பேசத் தொடங்கியது.

2024 செப்டம்பரில் 'டாக்டர் வெப்' என்ற ரஷ்ய நிறுவனம், 197 நாடுகளில் ஏறக்குறைய 1.3 மில்லியன் ஆண்டிராய்டு பெட்டிகள் ஒரே கெடுதல் மென்பொருளால் தாக்கப்பட்டிருப்பதாக அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, விற்கும்போதே நோய் தொற்றியிருந்த சுமார் 30,000 கருவிகளின் இரகசியத் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கே எச்சரிக்கை விடுத்தது.

இந்தப் பெட்டிகளை வைத்து என்ன செய்கிறார்கள்? பாட்டி பார்க்கும் நாடகத்தை வேவு பார்ப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது அந்த வீட்டின் இணைய முகவரி. மோசடி செய்கிறவர் தம்முடைய முகவரியிலிருந்து வங்கித் தளத்தையோ கடைத் தளத்தையோ தட்டினால் எளிதில் பிடிபடுவார். ஈப்போவிலோ உட்லண்ட்சிலோ உள்ள ஒரு குடும்பத்தின் முகவரி வழியாக வந்தால், சாதாரண வாடிக்கையாளர்போல் தெரிவார். ஆகவே அந்த முகவரிகளை மணிக்கணக்கில், அளவுக்கணக்கில் வாடகைக்கு விடும் சந்தையே இருக்கிறது. வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரத்தில் பெட்டி அந்த வேலையைப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத விளம்பரங்களைத் தானே அழுத்திக் காசாக்குகிறது.

வட்டி முதலையிடம் கடன் வாங்குகிறவர் வேறொருவர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டுப் போவதும், சிவப்புச் சாயம் அந்த அப்பாவியின் கதவில் வந்து விழுவதும் இந்த ஊர்களில் கேள்விப்படாத கதையல்ல. இணையத்திலும் அதேதான் நடக்கிறது. குற்றத்தின் தடம் பிடித்து வருகிறவர்கள் வந்து நிற்பது பெட்டி வாங்கியவர் வாசலில். மாதக் கட்டணத்தை யார் கட்டுகிறார் என்ற கேள்விக்கு, ஒரு பகுதி பதில் இங்கே கிடைத்துவிடுகிறது.

கையில் இருப்பதை என்ன செய்வது?

எஃப்பிஐ சொன்ன அடையாளங்கள் சாதாரண மனிதரும் கவனிக்கக்கூடியவைதான். 'எல்லாம் திறந்துவிடப்பட்டது, எல்லாம் இலவசம்' என்ற விளம்பரம். கேள்விப்படாத தயாரிப்புப் பெயர். அதிகாரபூர்வமற்ற செயலிக் கடை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூகலின் 'பிளே புரொடெக்ட்' பாதுகாப்பை அணைத்துவிடச் சொல்லும் குறிப்பு. பூட்டைக் கழற்றிவைத்தால்தான் வேலை செய்வேன் என்று சொல்லும் காவற்காரனை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

அமைப்புகளுக்குள் போய்ப் பெட்டியைப் புதிதுபோல் மீட்டமைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. கெடுதல் மென்பொருள் பெட்டியின் அடிப்படை மென்பொருளிலேயே பதிந்திருந்தால், மீட்டமைக்கும்போது அதுவும் சேர்ந்தே திரும்பி வரும். சந்தேகம் இருந்தால் கம்பியைக் கழற்றிவிடுவதே வழி. நம்பகமான பெட்டியாக இருந்தாலும், ரவுட்டரில் விருந்தினருக்கென்று உள்ள தனி வைஃபையில் அதைச் சேர்ப்பது நல்லது. வங்கிக் கணக்கு பார்க்கும் கைத்தொலைபேசியும் பெட்டியும் ஒரே வலையில் இருக்கத் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்குள் வாங்கிய தொலைக்காட்சியாக இருந்தால், பெட்டியே வேண்டாம். செயலிகள் அதிலேயே இருக்கும். பழையதாக இருந்தால் ஒரு கட்டத்தில் செயலிகள் கைவிட்டுவிடும். 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங் தொலைக்காட்சிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது அப்படித்தான். அதற்காகத் தொலைக்காட்சியை மாற்ற வேண்டியதில்லை, சான்று பெற்ற சிறு கருவி ஒன்று போதும். சந்தாவிலும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டலாம். ஒப்பந்தம் இல்லாத சந்தாக்களை எல்லா மாதமும் கட்ட வேண்டும் என்பதில்லை. கிரிக்கெட் தொடர் நடக்கும் மாதத்துக்கு மட்டும் கட்டி, முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

கழற்றிய பெட்டியை 'இன்னும் வேலை செய்கிறதே' என்று ஊரில் இருக்கும் அத்தைக்கோ மாமாவுக்கோ அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. இந்தப் பெட்டியை மட்டும் அப்படி அனுப்ப வேண்டாம். அங்கே ரவுட்டரைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது, அத்தை ஓய்வூதியப் பணத்தைப் பார்ப்பதும் அதே வைஃபையில்தான். மின்கழிவுத் தொட்டி பக்கத்துக் கடைத்தொகுதியிலேயே இருக்கக்கூடும்.